ஒன்பதாம் மாத ஊசியும் ஸ்காபரோவிலிருந்து வந்த குரல் பதிவும்

வாசகியின் கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் வடமராட்சியில் இருக்கிறேன். மகனுக்கு எட்டரை மாதம். ஒன்பது மாதம் முடிய எம்.எம்.ஆர். ஊசி என்று குடும்பநல உத்தியோகத்தர் கொப்பியில் திகதி எழுதித் தந்திருக்கிறா. போன கிழமை கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்பினா. அதில் தான் ஒரு நேர்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் தமிழில் கதைக்கிறா. எம்.எம்.ஆர். போட்ட பிறகு ஓட்டிசம் வருதாம். ஏதோ கில்லன் பாரே சின்ட்ரோம் வந்து கால் விளங்காமல் போகுதாம். பள்ளிக்கூடத்தில் பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் போடுற எச்.பி.வி. ஊசியால் பிற்காலத்தில் பிள்ளை தங்காதாம். என்ரை மூத்தவள் தரம் 6. கட்டாரில் இருக்கிற அவர் "கொஞ்சம் பொறுத்துப் போடுவம்" என்கிறார். கிளினிக்கில் கேட்டால் ஏசுவினமோ என்று பயமாக இருக்கு. இதில் எது உண்மை? இனி இப்படி ஒன்று வந்தால் நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்:

அன்பின் தங்கைக்கு,

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு, ருபெல்லா என்ற மூன்று நோயையும் தடுக்கிற இந்த எம்.எம்.ஆர். ஊசியை மகனுக்குத் திகதி பிந்தாமல் போடுங்கள். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் போட வரும்போது சம்மதம் தெரிவித்துக் கையெழுத்து வையுங்கள். அந்தக் குரல் பதிவில் சொன்ன மூன்றும் பிழை. ஆனால் டொக்டர் சொன்னார் என்பதற்காக மட்டும் இதை நம்பவேண்டாம். டொக்டர் என்ற பெயருக்காக நம்புகிற மனம் நாளைக்கு நேர்ஸ் என்ற பெயருக்காகவும் நம்பும். ஏன் பிழை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடிய மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. "ஏசுவினமோ" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய சொல் அது. பல வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில், வாங்குகள் நிறையத் தாய்மார் காத்திருந்த ஒரு காலையில், ஒரு தாய் என்னிடம் இதே மாதிரித்தான் கேட்டார். "படிச்ச பிள்ளை, நீங்களே இதை நம்பலாமோ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவர் மறுத்து ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் வரவில்லை. அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கதைத்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு ஊசி போடப்பட்டது. அந்தத் தாய் சரியாகத்தான் கேட்டார், பிழை விட்டது நான். ஆகவே நீங்கள் பயப்படாமல் போய்க் கேளுங்கள். ஒருவர் ஏசினால் எம்.ஓ.எச். டொக்டரிடம் (சுகாதார வைத்திய அதிகாரியிடம்) கேளுங்கள். பதில் கேட்பது உங்கள் உரிமை.

இனி ஓட்டிசம், அதாவது பிள்ளையின் பேச்சும் மற்றவர்களோடு பழகும் விதமும் வேறுபடுகிற வளர்ச்சி நிலை. இந்தக் கதை எங்கே, எப்போது பிறந்தது என்று திட்டமாகச் சொல்லலாம். 1998 பெப்ரவரியில் லண்டனின் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் வேறு சிலரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இருந்த பிள்ளைகள் மொத்தம் 12 பேர். அவர்களில் சிலருடைய பெற்றோர், எம்.எம்.ஆர். போட்ட சில நாட்களில் பிள்ளை மாறிவிட்டது என்று சொன்னதாக எழுதப்பட்டிருந்தது. ஊசி போடாத பிள்ளைகளோடு எந்த ஒப்பீடும் அதில் இல்லை. பிறகு பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டியபோது, தடுப்பூசிக் கம்பனிகள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த சட்டத்தரணி ஒருவரிடமிருந்து வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்தது தெரியவந்தது. பிள்ளைகளின் மருத்துவப் பதிவேடுகளும் கட்டுரையும் ஒத்துப்போகவில்லை. 2004 இல், அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் 10 பேர் அந்த முடிவைக் கைவிட்டார்கள். 2010 பெப்ரவரியில் லான்செட் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் பிரித்தானிய மருத்துவப் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. நீங்கள் போன கிழமை கேட்டது அந்த 12 பிள்ளைகளின் கதை. இத்தனை வருடத்துக்குப் பிறகு தமிழ்க் குரலில் வந்திருக்கிறது.

அப்படியானால் "என்ரை பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகுதான் பேச்சு நின்றது" என்று சொல்லும் தாய்மார் எல்லாரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் கண்டதைச் சொல்கிறார்கள். ஓட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோரின் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். சில பிள்ளைகள் பழகிய சில சொற்களைக்கூட அந்தக் காலத்தில் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசிகள் அடுத்தடுத்து வருகிற காலமும் அதுதான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை எங்களுக்குத் தெரியாததா? விழுந்தது உண்மை, காகம் இருந்ததும் உண்மை. காகம்தான் விழுத்தியது என்று எப்படிச் சொல்வது? ஒரு வழிதான் இருக்கிறது. காகம் இருந்த பனைகளிலும் இராத பனைகளிலும் எத்தனை பழம் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

டென்மார்க்கில் எண்ணினார்கள். 1999 முதல் 2010 வரை அங்கே பிறந்த 657,461 பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, எம்.எம்.ஆர். போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். போட்ட பிள்ளைகளில் ஓட்டிசம் கூடியிருக்கவில்லை. மூத்த சகோதரருக்கு ஓட்டிசம் இருந்த வீடுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் கூடியிருக்கவில்லை. யப்பானில் இன்னொரு விதமாகத் தெரியவந்தது. அங்கே 1993 இல் வேறொரு காரணத்துக்காக எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்திவிட்டார்கள். காகங்களை முழுதாகக் கலைத்துவிட்ட மாதிரி. ஆனால் யோக்கோஹாமா நகரில் பார்த்தபோது, ஊசி நின்ற பிறகு பிறந்த பிள்ளைகளிலும் ஓட்டிசம் என்று இனங்காணப்படுவோர் தொகை கூடிக்கொண்டுதான் போனது. ஊசி வருவதற்கு முன்பே ஓட்டிசம் இருந்தது. அதை லியோ கானர் என்ற மருத்துவர் விபரித்தது 1943 இல். முதலாவது சின்னமுத்துத் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது 1963 இல்.

இந்த வதந்தியால் அதிகம் நோகிறவர்கள் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார். "நீங்கள் ஊசி போட்டபடியால்தான்" என்று கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் அவர்களுக்குச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தாய்மார் எந்தப் பிழையும் செய்யவில்லை. உங்கள் மகன் ஒரு வயதைக் கடந்த பிறகு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் பொறுத்துப் பார்க்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். பயிற்சியை எவ்வளவு முந்தித் தொடங்கினாலும் பிள்ளைக்கு அவ்வளவு நல்லது.

கில்லன் பாரேக்கு வருவோம். சின்ட்ரோம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எங்கள் சனம் பயப்படுகிறது. சேர்ந்து வருகிற அறிகுறிகளின் கூட்டத்துக்கு மருத்துவம் வைத்த பொதுப்பெயர் அது, அதற்குமேல் ஒன்றுமில்லை. நோயின் பெயர் விளங்கினால் பாதிப் பயம் போய்விடும் என்பதை நான் கிளினிக்கில் ஒவ்வொரு நாளும் காண்கிறேன்.

இந்த நோயில், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் பாதுகாப்புப் படை, ஆள்மாறி நரம்புகளையே தாக்குகிறது. காலில் வலுக்குறைவு தொடங்கி மேல்நோக்கி ஏறும். 1916 இல், முதலாம் உலகப் போரின்போது, பிரான்சின் மருத்துவர்கள் மூவர் இரண்டு படைவீரரில் இதை விபரித்தார்கள். எம்.எம்.ஆர். ஊசி வந்ததோ அதற்கு நெடுங்காலம் பிறகு, 1971 இல். உலகில் ஒரு வருடத்தில் ஒரு இலட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஒரு வயிற்றோட்டத்துக்கோ தடிமன் காய்ச்சலுக்கோ பிறகு. சரியாக வேகாத கோழி இறைச்சியில் இருக்கும் கம்பைலோபக்டர் என்ற கிருமி முக்கிய காரணம்.

இந்த வதந்திக்குள் ஒரு சிறு உண்மை விதை இருக்கிறது, அதை ஒளிக்கமாட்டேன். 1976 இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காக ஏறக்குறைய 4 கோடியே 50 இலட்சம் பேருக்கு ஒரு தடுப்பூசி போட்டார்கள். அதன்பின் ஒரு இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன் பாரே கூடியது. கூடியதைக் கண்டவுடன் அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அது வேறு நோய்க்கான வேறு ஊசி. எம்.எம்.ஆர். பற்றிப் பின்லாந்தில் ஊசி போட்ட 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

எங்கள் நாட்டில் இதைக் கவனிக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரெனக் கைகால் தளர்ந்தால், அது எந்த வைத்தியசாலையாக இருந்தாலும், கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். மலமாதிரி இரண்டு எடுத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். போலியோ மீண்டும் வந்துவிடாமல் காவல் இருக்கும் ஏற்பாடு இது. இந்த நாட்டில் கடைசியாகப் போலியோ காணப்பட்டது 1993 இல். 1995 முதல் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில், சண்டைக்கு நடுவிலும், இரு பக்கமும் துவக்கை இறக்கி வைத்ததை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். இப்படி அறிவிக்கப்படும் பிள்ளைகளில் அதிகமாகக் காணப்படுகிற நோய்களில் ஒன்று கில்லன் பாரே. ஒரு ஊசி பிள்ளைகளின் கால்களை முடக்கிக்கொண்டிருந்தால் முதலில் தெரியவருவது இந்தக் கணக்கில்தான். அந்தக் குரல் பதிவு உங்களைப் பயமுறுத்தியதே தவிர, உபயோகமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. எந்தப் பிள்ளையாவது திடீரென்று நடக்கத் தள்ளாடினால், எழும்ப முடியாமல் போனால், அன்றே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள்.

எச்.பி.வி. பற்றி நீட்டத் தேவையில்லை. அந்த ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிறது. இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. பிள்ளைப் பாக்கியத்தைக் கெடுக்கிறது என்பதற்கு எந்த நாட்டின் கணக்கிலும் ஆதாரம் இல்லை. கருப்பையையே எடுக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவருவது அந்தப் புற்றுநோய். சுவீடனில் 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களில் இந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைந்திருந்தது. யப்பானில் இப்படி ஒரு பயம் பரவி, 2013 ஜூனில் அரசு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 வீதம் அளவில் இருந்த ஊசி போடுதல் 1 வீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் கேட்டு, பயந்த 24 அறிகுறிகளையும் ஒப்பிட்டார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2022 ஏப்ரலில் பரிந்துரை மீண்டும் தொடங்கியது. இடையில் ஒன்பது வருடத்துப் பிள்ளைகள் பாதுகாப்பில்லாமல் வளர்ந்துவிட்டார்கள்.

ஊசியால் ஒன்றுமே வராது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவரையும் நம்பாதீர்கள். எம்.எம்.ஆர். போட்டு 7 முதல் 12 நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மெல்லிய தோல் தடிப்பும் வரும். 3,000 அல்லது 4,000 பேரில் ஒருவருக்குக் காய்ச்சலோடு ஒரு வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரம், ஆனால் பின்விளைவு விடாது. மிக மிக அரிதாக, போட்ட சில நிமிடங்களில் கடுமையான ஒவ்வாமை வரும். அதற்காகத்தான் கிளினிக்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறோம். வயிற்றோட்டத்தை உண்டாக்கும் றோட்டா வைரஸுக்கு எதிராக அமெரிக்காவில் 1998 இல் வந்த ஒரு தடுப்பு மருந்து, ஏறக்குறைய 10,000 பிள்ளைகளில் ஒருவருக்குக் குடலின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குள் செருகவைத்தது. ஒரு வருடத்துக்குள் கண்டுபிடித்து நிறுத்திவைத்து, பிறகு மீளப்பெற்றார்கள். எங்கள் நாட்டிலேயே 2008 இல் ஐந்து நோய்க்கான பென்டாவலன்ட் ஊசியைத் தொடங்கிய சில மாதத்தில், ஊசிக்குப் பின் சில பிள்ளைகள் இறந்ததும் அதை இடைநிறுத்தினார்கள். நிபுணர் குழு ஆராய்ந்து, இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று கண்ட பிறகு 2010 இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். உண்மையான கெடுதி இப்படிக் கணக்கில் பிடிபட்டு, திகதியோடும் பெயரோடும் வெளியே வரும்.

தாய்மாரின் கதையை மருத்துவம் கேட்கவேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று இருக்கிறது. 1941 இல் சிட்னியில் நோர்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், பிறவியிலேயே கண்ணில் வெண்புரை உள்ள குழந்தைகள் வழமைக்கு மாறாக வந்துகொண்டிருந்தார்கள். வெளியே காத்திருந்த தாய்மார், வயிற்றில் பிள்ளை இருந்தபோது தங்களுக்கு ஜேர்மன் சின்னமுத்து (ருபெல்லா) வந்ததைப் பற்றித் தங்களுக்குள் கதைத்தது அவர் காதில் விழுந்தது. அவர் அதைத் தள்ளவில்லை, அப்படியே நம்பவும் இல்லை. மற்றத் தாய்மாரையும் கேட்டார், மற்ற மருத்துவர்களுக்கும் எழுதினார். 78 குழந்தைகள் சேர்ந்தன. அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் அந்த நோய் வந்திருந்தது. கண், காது, இருதயத்தைத் தாக்கும் பிறவி ருபெல்லா சின்ட்ரோம் இப்படித்தான் தெரியவந்தது. எம்.எம்.ஆரின் கடைசி 'ஆர்' அந்த ருபெல்லாதான். இந்த ஊசிக்கு உண்மையிலேயே தொடர்புள்ள சின்ட்ரோம் இது. ஊசி அதை வரவிடாமல் தடுக்கிறது.

"கொஞ்சம் பொறுத்து" என்கிற உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளையின் உடம்பில் தேய்ந்துபோகும் காலத்தைப் பார்த்துத்தான் ஒன்பதாம் மாதம் என்று வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு பொறுக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளை வெறும் உடம்போடு இருக்கிறான். சின்னமுத்துக்காரர் இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம்வரை அந்தக் கிருமி நிற்கும். பாதுகாப்பில்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். 2019 ஜூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் அது திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் 9 மாவட்டங்களில் 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போடவேண்டி வந்தது. சமோவா என்ற சின்னத் தீவு நாட்டில் 2018 இல் தாதியர் தவறுதலாக எம்.எம்.ஆர். மருந்தை வேறு மருந்தோடு கலந்து ஏற்றியதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பிழை ஊசியில் இல்லை என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை, அந்தப் பயத்தை வதந்தி வளர்த்தது. 2019 கடைசியில் சின்னமுத்து வந்து 83 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மொத்தச் சனத்தொகை இரண்டு இலட்சம்தான். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இனி நீங்களே பார்ப்பது எப்படி? வட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். மச்சாள் அனுப்பினா என்பதற்காக அது மச்சாளின் சொல் ஆகிவிடாது. பிறகு கேளுங்கள். கதைப்பவரின் பெயர் என்ன, எந்த வைத்தியசாலை, எந்த ஆண்டு, எந்த ஊர்ப் பிள்ளை? உங்களுக்கு வந்த பதிவில் இவை ஒன்றுமே இல்லை, நேர்ஸ் என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் காகம், பனம்பழக் கேள்வி: எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, ஊசி போடாதவர்களில் எத்தனை பேருக்கு? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிற வதந்தியை இந்த வேலையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. "உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்தினால், ஒரு இரவு வைத்திருந்துவிட்டு அடுத்த நாள் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர்களுக்கும் அது உதவி. எந்தக் கதை ஊரில் ஓடுகிறது என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியவரும்.

மச்சாளோடு பிணக்குப்பட வேண்டாம். பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் அனுப்பியிருப்பா. அவ இருக்கிற கனடா 1998 இல் சின்னமுத்தை ஒழித்த நாடு. 2024 ஒக்டோபரில் தொடங்கிய பரவல் ஒரு வருடத்துக்கு மேல் அடங்காததால் 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்தது. அதிகம் பாதிக்கப்பட்ட மாகாணங்களில் அவவுடைய ஒன்டாரியோவும் ஒன்று. "உங்கடை பிள்ளைகளின்ரை ஊசி எல்லாம் சரியோ மச்சாள்?" என்று நீங்கள் அக்கறையாக ஒரு வொய்ஸ் அனுப்பலாம்.

கிளினிக் நாளன்று பிள்ளைக்கு வழமைபோலப் பால் கொடுத்துக் கொண்டுபோங்கள். தடிமன் மட்டும் இருந்தால் ஊசியைத் தள்ளத் தேவையில்லை, கடுங்காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள். முட்டை ஒத்துவராத பிள்ளைக்கும் போடலாம். முந்தி ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இருந்தாலோ முதலே சொல்லவேண்டும். போட்ட பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே இருங்கள். ஒரு கிழமை கழித்துக் காய்ச்சல் காய்ந்தால் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவு பரசிற்றமோல் பாணி கொடுத்து, கொப்பியிலும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பும் எம்.ஓ.எச். ஒபிஸ் வழியாகக் கொழும்புக் கணக்கில் சேரும். மூன்று வயதில் இரண்டாவது ஊசி இருக்கிறது. அந்தத் திகதியையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.